சக்கைக்குழிக்காரி அத்தாயி

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் அத்தாயி என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். சக்கைக்குழிக்காரி என்றால் ஒருத்திதான். வெங்கிடுசாமியின் காப்பித் தோட்டத்தில் பழம் உரித்து மிச்சமாகிற சக்கையைக் குழியில் போட்டு எருவாக்குவது அவள் வேலை. அந்தப் பேரை வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளோ பட்டம் கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டாள். யாராவது அப்படி அழைத்தால், "ஆமா, என்ன வேணும்?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். கேலி செய்ய வந்தவன்தான் வழியைப் பார்த்துக்கொண்டு நடப்பான்.

ஆள் குள்ளம். குரல் அப்படி இல்லை. மேட்டுக் காட்டில் நின்று அவள் ஒரு அதட்டுப் போட்டால் ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும். கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். விளக்குமாறோ, மண்வெட்டியோ, சுண்ணாம்புக் கூடையோ, ஒன்றும் இல்லாவிட்டால் யாரையாவது திட்டுவதற்கு நீட்டிய விரலோ. சும்மா நின்ற அத்தாயியைப் பார்த்தவர்கள் அந்த மலையில் கிடையாது.

காப்பி குடிக்கிறவர்களுக்குச் சக்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பழத்தில் நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிற இரண்டு கொட்டைதான். மேலே இருக்கிற சிவப்புத் தோலும் கொழகொழப்பும் அப்படியே மிச்சம். பறித்த அன்று அது தேன் மாதிரி மணக்கும். மறுநாள் கள் மாதிரி புளிக்கும். மூன்றாம் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வைக்கும். கார்த்திகையில் ஆரம்பித்துத் தை முடிகிற வரைக்கும் மலைமலையாகக் குவியும். அதை எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைத்தாக வேண்டும்.

தோட்டத்தில் பழம் உரிக்கிற பல்பர் மெஷின் வந்த முதல் வருஷம் யாரும் இதைப் பற்றி யோசிக்கவில்லை. முதலாளி வெங்கிடுசாமி சேந்தமங்கலத்துக்காரர். அடிவாரத்தில் சோளமும் கடலையும் போட்டு நிம்மதியாக இருந்த மனிதருக்கு மலையில் காப்பி வைக்கிற ஆசை எப்படி வந்ததோ, வந்துவிட்டது. மெஷினைக் கழற்றிப் பத்து ஆள் தலையில் ஏற்றிப் பாறைப் படி வழியாக மேலே கொண்டுவந்தார். கொட்டை களத்துக்குப் போயிற்று. சக்கை ஓடைக்குப் போயிற்று. பக்கத்தில் ஓடை இருந்தது, விட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஓடை இறங்கிப் போகிற வழியில்தான் கீழ்ச்சோலை இருக்கிறது. பதினைந்து வீட்டு ஊர். அத்தாயி பிறந்தது அங்கே. அர்த்தனாரிக்கு வாழ்க்கைப்பட்டு மேலே வந்தவள் புருஷனோடு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். தை மாதத்தில் ஒரு நாள் அவளுடைய அண்ணன் சின்னக்கண்ணு ஒரு மண்குடத்தைச் சுமந்துகொண்டு வந்து வாசலில் வைத்தான்.

"குடி, தாயி" என்றான்.

குனிந்து பார்த்தாள். கருப்பட்டி கரைத்த நிறத்தில் தண்ணீர். மேலே நுரை. வாடை குப்பென்று மூஞ்சியில் அடித்தது.

"இதத்தான் நாங்க குடிக்கிறம்" என்றான் சின்னக்கண்ணு. "மாடு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வேற ஓடைக்குப் போயிருது. அதுக்குப் போக்கிடம் இருக்குது. பொண்டு புள்ளைக மேட்டு ஊத்துக்கு ஏறி எறங்கி இடுப்பு ஒடிஞ்சு கெடக்குதுக."

அவள் அந்தக் குடத்தை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். முதலாளி களத்து மேட்டில் நின்றிருந்தார். அவர் காலடியில் குடத்தை இறக்கி, "ஏனுங்க, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றாள். முதலாளி ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேருக்கு முன்னால் ஒரு கூலிக்காரி இப்படிச் செய்தது அவருக்குக் கோபம்தான். ஆனால் அடுத்த வாரமே கீழ்ச்சோலையிலிருந்து பழம் பறிக்க ஒரு ஆள்கூட மேலே ஏறவில்லை. செடியில் பழம் கறுத்துச் சுருங்கியதும் கோபம் இறங்கிவிட்டது.

அப்படி வந்தவைதான் சக்கைக்குழிகள். சேந்தமங்கலத்திலிருந்து அருணாசலம் என்கிற கிணறு வெட்டுகிறவரை வரவழைத்து, வரிசையாக மூன்று குழி தோண்டி உள்ளே கல் கட்டினார்கள். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் ஆழம். மெஷினிலிருந்து வாய்க்கால் வழியாக வருகிற சக்கை மூங்கில் தட்டியில் தங்கும். தண்ணீர் மட்டும் கல்லும் கரியும் மணலும் பரப்பிய பாத்தியில் ஊறி வாழைக்குப் போகும். தங்கிய சக்கையை வாரிக் குழியில் போட்டு, மேலே தழை, சாணம், சாம்பல், கொஞ்சம் சுண்ணாம்பு என்று அடுக்க வேண்டும். குழிக்குள் ஊறி இறங்குகிற சாறு அடியில் இருக்கிற மடை வழியாக வெளியேறி அதே பாத்திக்கு வரும். அந்த மடை அடைத்துக்கொண்டால் எடுத்துவிட வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு குழியிலும் ஒரு மூலையை மூங்கில் தட்டியால் தடுத்துக் கிணறு மாதிரி காலியாக விட்டிருந்தார் அருணாசலம். அந்த மூலைக்குழிக்குள் ஆள் இறங்கி மடையைக் குத்திவிடலாம்.

குழியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். "குடம் கொண்டுவந்தவளே பாத்துக்கட்டும்" என்றார் முதலாளி. குத்தலாகச் சொன்னதுதான். "சரீங்க" என்றாள் அத்தாயி.

கீழே திரும்புவதற்கு முன்னால் அருணாசலம் அவளை மூலைக்குழியின் விளிம்பில் நிறுத்தி ஒரு விஷயம் சொன்னார். மலைக்காரர்களுக்கு ஆழக் கிணறு பழக்கமில்லை. பாறை இடுக்கில் ஊற்று கசியும், மூங்கிலை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். ஆழத்தில் என்ன தங்கும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய தேவையே வந்ததில்லை. கிணற்றிலேயே பிழைத்த அருணாசலத்துக்குத் தெரியும்.

"சக்கை புளிக்கப் புளிக்கக் கெட்ட காத்து எறங்கி அடியில தேங்கிக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது. எறங்கறதுக்கு முந்தி வெளக்கைக் கயித்துல கட்டி அடிவரைக்கும் எறக்கோணும். எரிஞ்சா எறங்கலாம். அணைஞ்சா எறங்கப்படாது. தழைக்கொத்தக் கட்டி எறக்கி எறக்கித் தூக்குனா காத்து கலையும். அப்புறம் மறுபடி வெளக்கு. இடுப்புல கயிறு கட்டாம ஒருத்தனும் எறங்கப்படாது. மேல ரெண்டு பேரு கயித்தப் புடிச்சிருக்கோணும். உள்ள எவனாச்சும் உளுந்தா, தூக்கறதுக்குன்னு இன்னொருத்தன் குதிக்கவே படாது."

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள் அத்தாயி. சொன்னார். "இன்னொருக்கா" என்றாள். மூன்றாம் தரம் சொல்லும்போது அவருக்கே சலித்துவிட்டது. அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் நடத்திய ராஜ்ஜியத்தை என்னவென்று சொல்வது! விடிந்ததும் வாய்க்காலை வழித்துவிடுவாள். தட்டியில் ஒரு மூங்கில் சிம்பு விலகியிருந்தால் அர்த்தனாரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பின்னச் சொல்லுவாள். சந்தைக்கு முந்தின நாள் கயிற்றை வெயிலில் நீட்டிப் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போவாள். ஒரு பிரி அறுந்திருந்தாலும் அந்தக் கயிறு மாடு கட்டப் போய்விடும். குழியைச் சுற்றி முள்வேலி, மூலைக்குழிக்கு மூடி. மூடி மேல் யாராவது உட்கார்ந்தால் அவர்கள் வம்சமே அன்றைக்குத் திட்டு வாங்கும்.

குழி வேகிறதா என்று பார்க்க ஒரு கடப்பாரையை நடுவில் சொருகி வைத்திருப்பாள். காலையில் உருவி உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பாள். பிடிக்க முடியாமல் சுட்டால், "நல்லா வேகுது" என்று சந்தோஷப்படுவாள். சில்லென்று இருந்தால் முகம் தொங்கிவிடும், அன்றைக்கே கிளறிச் சாணம் கரைத்து ஊற்றுவாள். வீட்டில் களி வேகாமல் போனாலும் அவ்வளவு வருத்தப்பட மாட்டாள் என்று அர்த்தனாரி சொல்லுவான். அவன் பொறுமைசாலி. குழியில் இறங்கி மடை குத்துவது அவன் வேலை. மேலே கயிறு பிடிப்பது தோட்டத்து ஆட்கள் மாதேஸ்வரனும் அண்ணாமலையும். விளக்கு இறக்குவது அத்தாயி.

ஆறு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடிற்று. குழி எரு போட்ட மிளகுக் கொடி மரத்தை மறைத்துக்கொண்டு ஏறியது. ஓடை பழையபடி தெளிந்தது. சின்னக்கண்ணு வருஷத்துக்கு ஒரு தரம், பழப் பருவத்தில், ஒரு குடம் ஓடைத் தண்ணீர் கொண்டுவந்து தங்கை வாசலில் வைப்பான். அவள் ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து குடித்துவிட்டு, "ம், பரவாயில்லை" என்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. ஆனால் அந்த ஒரு சொம்புத் தண்ணீருக்காகத்தான் அவள் வருஷம் முழுக்க நாற்றத்தில் நின்றாள்.

பிறகு யுத்தம் வந்தது. யுத்தம் எங்கேயோ நடந்தது, சீமெண்ணெய் கொல்லிமலையில் தீர்ந்துபோயிற்று. குழிக்கென்று தோட்டம் கொடுத்திருந்த அரிக்கேன் லாந்தர் காய்ந்துபோய் ஆணியில் தொங்கியது. சேந்தமங்கலம் கடையிலும் எண்ணெய் இல்லை. மடையோ எண்ணெய் வரும் வரைக்கும் காத்திருக்காது. அத்தாயி யோசித்தாள். வீட்டுக்குப் போய், மாடத்தில் இருந்த இரும்பு விளக்கை எடுத்துவந்தாள். அவளுக்குக் கல்யாணமான அன்றைக்கு ஏற்றிய விளக்கு. ஆமணக்கெண்ணெய் ஊற்றித் திரி போட்டு, மூன்று கம்பிகளில் தொங்கவிட்டுக் கயிற்றில் கட்டினாள். அவள் புத்தியை எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். அவளும் கொஞ்சம் மெச்சிக்கொண்டாள்.

அங்கேதான் சறுக்கியது.

லாந்தர் இருந்த காலத்தில் அது எத்தனையோ தரம் குழிக்குள் அணைந்திருக்கிறது. அவள் கண்டுகொண்டதே இல்லை. அது தோட்டத்துச் சாமான். கண்ணாடிக்குள் இருக்கிற தீ. ஆனால் வீட்டு விளக்கு என்பது வேறு. அதை வாயால் ஊதி அணைக்க மாட்டார்கள். பூவால் ஒற்றி அமர்த்துவார்கள். தானாக அணையவும் விடமாட்டார்கள். அதுவும் ஆம்பிளை எங்கேயாவது கிளம்பி நிற்கிறபோது விளக்கு அணைந்தால் அவன் கிளம்பவே மாட்டான். அணைய விட்ட பெண்பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அது மார்கழி. இரண்டாவது குழியின் மடை அடைத்துச் சாறு தேங்கிக்கொண்டிருந்தது. அர்த்தனாரி இடுப்பில் கயிறு கட்டித் தயாராக விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அத்தாயி விளக்கை இறக்கினாள். பாதி ஆழம் வரைக்கும் நின்று எரிந்தது. அதற்குக் கீழே சுடர் சின்னதாயிற்று. நீலமாயிற்று. திரி நுனியில் ஒரு பொட்டாக ஒட்டிக்கொண்டு துடித்தது. கல்யாண விளக்கு. பக்கத்தில் புருஷன். அவள் கை யோசிக்கவில்லை. வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டது. மேல் காற்றுப் பட்டதும் சுடர் மறுபடி நிமிர்ந்தது.

"என்ன புள்ளே, எரியுதா?" என்றான் அர்த்தனாரி.

விளக்கு அவள் கையில் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. "எரியுதுங்க" என்றாள்.

அவன் இறங்கினான். மடையை இரண்டு குத்துக் குத்துகிற சத்தம் கேட்டது. மூன்றாவது குத்து கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், சுவரில் சாய்ந்தபடி மடங்கி உட்கார்ந்திருந்தான். தலை தொங்கிக் கிடந்தது.

"ஐயோ, மாமா!" என்று அண்ணாமலை மூலைக்குழிக்குள் கால் வைத்தான். அத்தாயி அவன் வேட்டியைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். "குதிக்காதே! கயித்த இழு! ரெண்டு பேரும் இழுங்க!" அவளும் சேர்ந்து இழுத்தாள். உள்ளங்கை உரிந்தது. அர்த்தனாரி மூட்டை மாதிரி மேலே வந்தான். காற்றாடப் போட்டு, நெஞ்சைத் தேய்த்து, பேர் சொல்லக் கூடாது என்பதையும் மறந்து, "அர்த்தனாரி! அர்த்தனாரி!" என்று அவள் கத்தினதில் காடே அதிர்ந்தது. ஒரு பெரிய மூச்சு வந்தது. பிறகு வாந்தி. பிறகு கண் திறந்தது.

"வெளக்கு எரிஞ்சுதில்ல?" என்று கேட்டான். அதுதான் அவன் கேட்ட முதல் வார்த்தை.

அவள் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

நாலு நாள் அர்த்தனாரி தலைவலியோடு படுத்திருந்தான். அந்த நாலு நாளில் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. விளக்கு எரிந்ததைக் குழியண்டை நின்றவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். எரிந்தும் ஆள் விழுந்திருக்கிறான். அப்படியானால் குழிக்குள் வேறு ஏதோ இருக்கிறது. முனி என்றார்கள் சிலர். பலி கேட்கிறது என்றார்கள். பழம் பறிக்கிற கண்ணாயி ஒரு சேவலைக்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். அத்தாயி கஞ்சி காய்ச்சினாள், புருஷனுக்குக் கொடுத்தாள், பாத்திரம் கழுவினாள். மாடத்தில் இருந்த விளக்கின் பக்கம் திரும்பவே இல்லை. 

ஐந்தாம் நாள் முதலாளி மேலே வந்தார். செய்தி கேட்டு உண்மையாகவே பயந்துபோயிருந்தார். எல்லாரையும் குழியண்டை கூப்பிட்டார். அர்த்தனாரியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

"வெளக்கு எரிஞ்சும் ஆளு உளுந்திருக்குது. இனி எதை நம்பி ஒருத்தன எறக்கறது?" என்றார். "உசுரு போற காரியம் நமக்கு வேண்டாம். மூணு குழியையும் மூடிருங்க. சக்கையப் பழையபடி ஓடையில விட்டுக்கலாம். கீழ்ச்சோலைக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

நியாயமான பேச்சு. யாரும் குறை சொல்ல முடியாது. விளக்கு எரிந்தது நிஜமாக இருந்திருந்தால் அத்தாயியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். கூட்டத்துக்குப் பின்னால் சின்னக்கண்ணு நின்றுகொண்டிருந்தான். மைத்துனனைப் பார்க்க வந்தவன். ஒரு வார்த்தை பேசவில்லை, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். அவன் பேசியிருந்தால்கூட அத்தாயி தாங்கியிருப்பாள்.

"ஏனுங்க" என்றாள். தொண்டையிலிருந்து பாதிக் குரல்தான் வந்தது. அவ்வளவு பெரிய குரல் எங்கே போயிற்றோ. "வெளக்கு எரியலீங்க."

"என்ன?"

"அடிக்குப் போகலீங்க. பாதியிலயே சொணங்கிருச்சு. அணையப் போகுதுன்னு தெரிஞ்சு நான் தூக்கிட்டேன். மேல வந்து எரிஞ்சுதுங்க. எரியுதுன்னு சொல்லிட்டேன்."

 மாதேஸ்வரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். முதலாளியின் முகம் சிவந்தது.

"அடிப்பாவி! புருசனைக் கொல்லப் பாத்தியா?"

"சாகக்கூடாதுன்னுதானுங்க தூக்குனேன்" என்றாள். அதைச் சொன்ன பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, அந்த இரும்புப் பெண்பிள்ளை, அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆண்களுக்குப் புரிய நேரமாயிற்று. பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. சேவல் பார்த்து வைத்திருந்த கண்ணாயி முன்னால் வந்து, "ஊட்டு வெளக்குங்க. ஆம்பள பக்கத்துல உக்காந்திருக்கான். நானா இருந்தாலும் தூக்கியிருப்பேன்" என்றாள். இன்னும் இரண்டு பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முதலாளிக்கு வீட்டில் ஒரு மனைவி உண்டு, மாடத்தில் ஒரு விளக்கும் உண்டு. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அர்த்தனாரி கல்லில் உட்கார்ந்தபடியே மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதானே பாத்தேன்" என்றான் மெதுவாக. "ஆறு வருசமா ஏமாத்தாத குழி இப்ப எதுக்கு ஏமாத்தும்னு."

அவ்வளவுதான் சொன்னான். பத்து அடி அடித்திருந்தாலும் அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

"சரி" என்றார் முதலாளி. "சீமெண்ணெயும் இல்லை. வெளக்கும் உன்னால எறக்க முடியாது. அப்புறம் என்னதான் பண்ணுவ?"

அத்தாயி முகத்தைத் துடைத்தாள். களத்து ஓரத்தில் ஆட்களுக்குக் களி கிண்டுகிற அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விறுவிறுவென்று போய், அதிலிருந்து ஒரு காய்ந்த மூங்கில் சிம்பை உருவினாள். நுனியில் கொழுந்துவிட்டு எரிந்தது. களத்தில் கிடந்த ஒரு நீளக் கம்பியின் முனையில் அதைக் கட்டினாள்.

"அடுப்புக் குச்சிங்க. தெனமும் சோறு ஆனதும் இழுத்துத் தண்ணி தெளிச்சு அணைக்கிறது நாங்கதான். இது அணைஞ்சா ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

நாலு நாளாக அந்தப் பெண்ணின் தலைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வழியைக் கண்டுபிடித்தாயிற்று, வாயைத்தான் திறக்க முடியவில்லை.

குச்சியை மூலைக்குழிக்குள் இறக்கினாள். எல்லாரும் விளிம்பில் தலையை நீட்டினார்கள். பாதி ஆழத்தில் தீ சுருங்கியது. அவள் கை நிற்கவில்லை, கம்பியை விட்டுக்கொண்டே போனாள். தீ பொசுக்கென்று போய், ஒரு கோடு புகை மட்டும் மேலே ஏற முயன்றது.

"பாத்துக்குங்க. இதான் உங்க முனி" என்றாள். குரல் திரும்பி வந்துவிட்டது.

தழைக்கொத்தைக் கயிற்றில் கட்டிக் கொடுத்து, மாதேஸ்வரனையும் அண்ணாமலையையும் மாற்றி மாற்றி இறக்கித் தூக்கச் சொன்னாள். வியர்வை கொட்டக் கொட்ட அவர்கள் இழுத்தார்கள். வேறொரு குச்சி இறக்கிப் பார்த்தாள். அணைந்தது. "இன்னும் இழுங்க" என்றாள். மூன்றாவது குச்சியும் அடியில் போய்த் தடுமாறி அணைந்தது. முதலாளி வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். நான்காவது குச்சி அடி வரைக்கும் போய்ச் சேற்றுக்கு ஒரு சாண் மேலே நின்று நிம்மதியாக எரிந்தது. அது எரிந்து தீர்கிற வரைக்கும் அவள் தூக்கவில்லை.

இப்போது யார் இறங்குவது? அண்ணாமலை மாதேஸ்வரனைப் பார்த்தான். மாதேஸ்வரன் மரத்தைப் பார்த்தான். ஒரு தரம் பொய் சொன்ன வாய், மறுபடி எரிகிறது என்று சொன்னால் எவன் நம்புவான்? அது அத்தாயிக்கும் தெரியும். சேலையை இழுத்துச் செருகினாள். கயிற்றை எடுத்துத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டாள்.

அர்த்தனாரி கம்பளியை உதறிவிட்டு எழுந்தான். "இரு, புள்ளே" என்று சொல்லி, அடுப்பிலிருந்து இன்னொரு குச்சியை அவனே எடுத்து வந்தான்.

"அடிவரைக்கும் எறக்கோணுமுங்க" என்றாள் அத்தாயி. "பொண்டாட்டியாச்சேன்னு பாதியில தூக்கிறாதீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளிகூடச் சிரித்துவிட்டார். அர்த்தனாரி மட்டும் சிரிக்கவில்லை. குச்சியை அடிவரைக்கும் இறக்கி, அது எரிவதைக் கண்கொட்டாமல் பார்த்து, பிறகு, "எரியுது. போய்ட்டு வா" என்றான். கயிற்றின் முன்முனையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவனே பிடித்துக்கொண்டான்.

அவள் இறங்கினாள். மடையில் கடப்பாரை விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மேலே நின்றவர்கள் மூச்சு விடாமல் எண்ணினார்கள். ஒன்பதாவது குத்தில் பாத்திப் பக்கம் கொடகொடவென்று சாறு கொட்டுகிற சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் சின்னக்கண்ணு ஊர்ப் பக்கம் நடந்தான். சற்று நேரத்தில் சக்கையும் சேறுமாக மேலே வந்த அத்தாயி, வந்த சூட்டோடு, "மூடிய எவன் அங்க எடுத்துப் போட்டது?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

குழிகள் மூடப்படவில்லை. முதலாளி போகும்போது ஒரே ஒரு உத்தரவுதான் போட்டார். இனிமேல் குச்சியை ஒருத்தர் இறக்கினால் பக்கத்தில் இன்னொருத்தர் குழிக்குள் பார்த்து, அவரும் எரிகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு வாய் சொன்னால்தான் இறங்கலாம். அத்தாயிக்கு அதில் வருத்தமே இல்லை. தன் கை தன்னை மீறி ஒரு தரம் போனதை அவள் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை. கண்ணாயிதான் இரண்டாவது வாய். அந்தச் சேவலை என்ன செய்தாய் என்று கேட்டால், "கொழம்பு வெச்சேன்" என்பாள்.

யுத்தம் முடிந்தது. சீமெண்ணெய் திரும்ப வந்தது. லாந்தரை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். "எங்களுக்குக் குச்சி போதும்" என்று திருப்பி அனுப்பினாள். வீட்டு விளக்கு மாடத்துக்குப் போனது போனதுதான், அதற்குப் பிறகு அது வாசல் தாண்டவில்லை. பொழுது சாய்ந்ததும் ஏற்றுவாள். படுக்கப் போகும்போது ஒரு பூவால் ஒற்றுவாள். அப்போது அர்த்தனாரி அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி இருப்பான்.

இப்போதும் கார்த்திகையில் முதல் சக்கை விழுந்து புளிக்க ஆரம்பித்ததும், முதல் தடவை மடை பார்க்கிற நாளில் இதுதான் நடக்கும். சின்னக்கண்ணுவின் குடம் வேலி ஓரத்தில் இருக்கும். அவள் ஒரு சொம்பு குடித்துவிட்டு, "ம், பரவாயில்லை" என்று சொல்லியாகியிருக்கும். அர்த்தனாரி இடுப்பில் கயிறு கட்டி விளிம்பில் உட்கார்ந்திருப்பான். குச்சி இறங்கும். தீ சுருங்கும், போகும்.

"என்ன புள்ளே, எரியுதா?" என்று அவன் கேட்பான். தெரிந்துகொண்டேதான் கேட்பான்.

"இல்லீங்க, அணைஞ்சு போச்சு!" என்பாள் அத்தாயி, முகமெல்லாம் சிரிப்பாக, கீழ்ச்சோலை வரைக்கும் கேட்கிற குரலில். "கயித்த அவுத்துட்டு வாங்க, களி ஆறிப் போகுது. சாப்பிட்டுட்டுப் பாத்துக்கலாம்."